நல்லூரில் ஒரு தொப்பி ஆராய்ச்சி

நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலைக்குச் செல்வோர் கந்தரோடைப் புத்தர் சிலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புதல் வழக்கம். நாமோ விக்டோறியா மகாராணியின் ஆளுயரப் படத்தின் முன்னே நெடுநேரம் நின்றுவிட்டோம். வர்ணம் உரிந்துபோன படந்தான். எனினும், அவ்வம்மையார் தலையில் அணிந்தவை பற்றிய எண்ணங்கள் அங்கே நமக்குத் தோன்றின. 1861ஆம் ஆண்டில் கணவர் அல்பேட் இறந்தபின், 1901இல் தாம் இறக்கும்வரை, மகாராணியார் துக்க உடையைக் களையவில்லை. 1887 யூன் 21ஆம் நாள் நிகழ்ந்த பொன்விழா ஊர்வலத்திற்கும் கிரீடம் தரித்து வர இணங்காது, மோவாயின்கீழ் நாடாவாற் கட்டும் 'பொனெற்' தொப்பியோடுதான் வந்தார். கிரீடம் சக்கரவர்த்தினியைக் காட்டியிருக்கும். தொப்பி கைம்பெண்ணைக் காட்டிற்று.

நல்லூருக்கும் மாதர் தொப்பிக்கும் வேறென்ன தொடர்பு என நேயர்கள் வினவலாம். 1818இல் யோசேப் நைற் போதகர் இங்கே மிஷன் பணியைத் தொடங்கியபின், தொப்பியணிந்த ஐரோப்பிய மாதரும் இவ்வூர் வீதிகளுக்கு அறிமுகமாயினர். வெயிலுக்கு அஞ்சியோர் பிற்காலத்தில் சோலாத் தொப்பியும் அணிந்தனர். அது வேறொன்றுமன்று, நம்மவர் மாலை கட்டும் நெட்டியே.

பழைய தொப்பி ஒன்று கையிற் கிடைப்பின், முதலில் அதைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். வியர்வைக் கறை படிந்த உட்பட்டி, தைத்த கடையின் சீட்டு, கிழிசலை ஒட்டுப்போட்ட நூல் ஆகியவை மேற்புறத்து அலங்காரம் மறைப்பதை வெளியிட்டுவிடும். ஊசித் துளைகள் காணப்படின், அணிந்தவள் பெருங்கொண்டை உடையவள் என்க. 1910ஐ ஒட்டிய அகன்ற தொப்பிகளைக் கொண்டையோடு நீண்ட ஊசியாற் குத்தியே நிறுத்தினர். 1920களில் வந்த மணிவடிவத் தொப்பியோ காதுவரை இறங்கித் தலையைக் கவ்வுவது. கொண்டைக்கு அதனுள் இடமில்லை. கூந்தலைக் கத்தரித்த மகளுக்குரியது அது. தாய் அதைக் கண்டு என்ன சொல்லியிருப்பாள் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி வேண்டுவதில்லை!

இறகும் சாட்சி சொல்லும். கொக்கின் மெல்லிறகு அழகு பெறுவது குஞ்சு பொரிக்கும் பருவத்தில். அப்பருவத்திற் கொன்றமையால் குஞ்சுகளும் மடிந்தன. இக்கொடுமைக்கு எதிராக 1889இல் இங்கிலாந்தில் மாதரே சங்கம் அமைத்தனர். 1921இல் பிரித்தானியாவில் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் வந்தது. மயிலேறும் பெருமானின் ஊரில் இருந்துகொண்டு இதை எண்ணுதல் பொருத்தமே. மயிலின் தோகை ஆண்டுதோறும் தானே உதிர்வது அன்றோ?

நல்லூரிலே பரிசுத்த யாக்கோபு தேவாலயமும் கந்தசுவாமி கோயிலும் அதிக தூரமின்றி அமைந்துள்ளன. ஆலயத்தினுள் ஆடவர் தொப்பியைக் கழற்றுவர். பெண்டிரோ தலையை மூடியிருத்தலே அக்கால மரபு. கந்தன் சந்நிதியில் ஆடவர் மேலாடையின்றி நிற்பர்; பெண்டிர் தலைக்குப் பூவே போதும்.

இவ்விரு மரபுகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்தவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். அவுஸ்திரேலியாவிற் பிறந்த ஹரிசன் என்னும் அப்பெண்மணி, சேர் பொன்னம்பலம் இராமநாதனின் செயலாளராகி, 1905-06இல் அவரது அமெரிக்கப் பயணத்திலும் உடன்சென்றார். பின்னர் அவரையே மணந்து, சைவநெறி தழுவி, சேலை உடுத்தார். அன்று தலைப்பாகையோடு அமெரிக்க மேடைகளில் நின்ற கணவர் தமது தலையணியை விடவில்லை. தொப்பியை விட்டவர் மனைவியே. 1913இல் மருதனார்மடத்திற் கணவர் நிறுவிய பெண்கள் கல்லூரியை, 1930இல் அவர் மறைந்த பின்னரும், அச்சேலையோடே நடத்திவந்தார்.