விருந்தும் பாயும்

தாராவித் தொண்ணூறடிச் சாலையருகே எங்கள் வீடு. தந்தையார் வாங்கித் தந்தது பழைய கணினி. மென்பொருளுக்குப் பணமில்லை. திருட்டுப் பிரதி தருவதாகச் சொன்னார் கடைக்காரர். “களவாடியது நம் வீட்டுக்கு வேண்டாம், தம்பி” என்றார் தந்தையார்.

ஆகவே டெபியன் குடிபுகுந்தது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் தொகுப்பு அது. ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்றெழுதி, பக்கத்தில் ஆட்டத்தின் பெயரைச் சேர்த்தால் போதும். ஆட்டம் இயங்கத் தேவையான துணைநூலகங்களையும் அதுவே தேடிக் கொணரும். களஞ்சியத்தின் கையொப்பம் மெய்யானதா என்றும் பார்க்கும். விருந்தாளி தம் பாயைத் தாமே சுமந்து வந்தாற்போல! தங்கை ஜிகாம்ப்ரியில் கணக்கு விளையாடுகிறாள். நான் சூப்பர்டக்ஸ்கார்ட்டில் வண்டி ஓட்டுகிறேன்.

எல்லா ஆட்டமும் இதில் வருமென்று சொல்லேன். விண்டோஸுக்கென்றே செய்தவற்றுள் பல ‘ஒயின்’ துணையால் ஓடும். சில அசையவே மாட்டா.

கற்பதும் அரிதன்று. பவாயிலுள்ள ஐ.ஐ.டி. பம்பாயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் லினக்ஸ் பாடங்களைத் தமிழ்க் குரலிலேயே தருகிறது.

மாதுங்காவிலோ செம்பூரிலோ பழைய கணினியோடு ஏங்கும் தம்பி தங்கையர் இருப்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்கு ஈவீர்! பிறருக்குப் படியெடுத்துக் கொடுத்தாலும் குற்றமாகாத பொருள் இது. நிமிர்ந்த தலையோடு கொடுக்கலாம்.