பதிவு மேசையில் நாங்கள் சொல்லாமல் விட்டது

எங்கட பூனைக்குப் பெயர் ஒடியல். மெலிஞ்சு, காய்ஞ்சு, விறைச்சுக்கொண்டு நிண்டதால வைச்ச பெயர். திருநெல்வேலியில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கு ஒரு மாரி மழைக்கு ஒதுங்கி வந்தது, பிறகு போகவேயில்லை. வீட்டுக்காரம்மா கண்டும் காணாத மாதிரி விட்டிட்டா. பூனை வளர்க்கிறம் எண்டு நாங்களும் ஒரு நாளும் நினைக்கேல்லை. அது எங்களோட இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை இரவு அது சாப்பிடேல்லை. காது சுட்டது. காய்ச்சல் எண்டு நாங்களே முடிவெடுத்தம். காய்ச்சல் எண்டால் எங்கட வீடுகளில் முதல் தேடுறது என்ன? பனடோல். ஒரு குளிசையை நாலாக உடைச்சு, அதில ஒரு துண்டைப் பொடியாக்கி, வாயைத் திறந்து உள்ள விட்டம். குழந்தைப் பிள்ளைக்கே குடுக்கிற மருந்து, கால் குளிசை என்ன செய்யப்போகுது எண்டுதான் நினைச்சம்.

விடியப் பார்த்தால் முகம் வீங்கிக் கிடந்தது. மூச்சு கெதி கெதியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்டபடியால் அரச கால்நடை வைத்திய அலுவலகம் பூட்டு. ஒரு கார்ட்போட் பெட்டியில் ஓட்டை போட்டு, அதுக்குள்ள ஒடியலை வைச்சு, ஓட்டோ பிடிச்சு ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனம்.

எங்களுக்கு முன்னால ஆறேழு பேர் இருந்தினம். வாசலுக்குக் கிட்ட ஒரு மேசை, அதில ஒரு அக்கா கொப்பியோட. பெயர், வயது, ஆணோ பெண்ணோ, எத்தினை நாளாகச் சாப்பிடேல்லை எண்டு கேட்டுக் கேட்டு எழுதினா. பிறகு கேட்டா, “வீட்டில ஏதும் மருந்து குடுத்தனீங்களோ?”

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம். எங்களில் ஒருத்தி சொன்னாள், “இல்லை அக்கா.”

இந்தப் பொய்யைப் பற்றி நாங்கள் பிறகு கனக்கக் கதைச்சிருக்கிறம். ஒரு காரணம் வெக்கம். நாலு பேரும் கம்பஸ் படிக்கிற ஆக்கள், எங்கட விசர்த்தனத்தை வாங்கில இருக்கிற எல்லாருக்கும் முன்னால சொல்லோணுமே. மற்றக் காரணம் அதைவிட மோசம். அந்த அக்கா நம்பர் குடுக்கிற ஆள், அவவுக்கு ஏன் இதெல்லாம், டொக்டரிட்டச் சொல்லுவம் எண்டு நினைச்சம். ஆரை முதல் உள்ள விடோணும் எண்டு தீர்மானிக்கத்தான் அந்தக் கேள்வி எண்டது எங்களுக்குத் தெரியாது. பனடோல் எண்டு சொல்லியிருந்தால் அப்பவே உள்ள அனுப்பியிருப்பா. நாங்கள் “இல்லை” எண்டதால எட்டாம் நம்பர் கிடைச்சுது.

இருபது நிமிசம் வாங்கில இருந்தம். பிறகு உதவியாளர் அண்ணை ஒருவர் நிறை பார்க்க வந்தார். ஒடியலை வெளியில எடுக்க நாங்கள் கை நீட்ட, “விடுங்கோ, நான் எடுக்கிறன்” எண்டார். எங்கட பூனை, எங்களைவிட ஆருக்குத் தெரியும் எண்டு கொஞ்சம் கோவமும் வந்தது. அவர் ஒரு துவாயால சுத்தி, பிடரியிலும் காலிலும் பிடிச்சுத் தூக்கினார். அவற்ற கையில பழைய கீறல் எத்தினையோ. தராசில 2.6 கிலோ. பிறகு உதட்டை மெல்ல உயர்த்திப் பார்த்தார். ரோஸ் நிறமாக இருக்கவேண்டிய முரசு கபில நிறமாக இருந்தது.

“என்ன குடுத்தனீங்கள்?” எண்டார். அக்கா கேட்ட அதே கேள்விதான். இந்த முறை பதிலுக்கு நிக்கவும் இல்லை, தூக்கிக்கொண்டு நேராக உள்ள போனார். எங்களுக்கு முன்னால இருந்த ஆக்கள் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.

டொக்டரிட்ட எல்லாத்தையும் சொன்னம். எத்தினை மணிக்கு, எவ்வளவு எண்டும் சொன்னம். அவ ஏசேல்லை. பூனையின்ர ஈரல் பரசிற்றமோலை எங்கட ஈரல் மாதிரிச் சமாளிச்சு வெளியேற்றாது எண்டு விளங்கப்படுத்தினா. அது நஞ்சாகி இரத்தத்தைப் பழுதாக்கும், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் கபில நிறமாகும், ஈரலும் கெடும். ஒரு முழுக் குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதுமாம். நாங்கள் குடுத்த 125 மில்லிகிராமும் 2.6 கிலோ உடம்புக்குச் சின்ன அளவில்லை. இதுக்கு மாற்று மருந்து அசற்றைல்சிஸ்ரீன், மனிசருக்கும் பாவிக்கிறதுதான். கிளினிக்கில இருந்ததைத் தொடங்கிப்போட்டு, மிச்சத்துக்குத் துண்டு எழுதித் தந்தா. எங்களில் ரெண்டு பேர் ஆஸ்பத்திரி வீதிப் பார்மசிகளுக்கு ஓடினம். அந்தத் துண்டில் இருந்த கணக்கு முழுக்க, கொஞ்சம் முதல் அந்த அண்ணை பார்த்த 2.6 கிலோவை வைச்சுப் போட்டதுதான்.

வெளியில வந்த அண்ணையிட்ட, “தப்புமோ?” எண்டு கேட்டம். “அதை டொக்டரிட்டத்தான் கேக்கோணும்” எண்டிட்டுப் போட்டார். அந்த நேரம் அது கல்நெஞ்சு மாதிரி இருந்தது. இப்ப விளங்குது. நோய் இன்னது எண்டு சொல்லுறதும், மருந்து எழுதுறதும், தப்பும் தப்பாது எண்டு சொல்லுறதும் படிச்சுப் பதிவு செய்த கால்நடை வைத்தியரின்ர பொறுப்பு. தனக்குத் தெரிஞ்சிருந்தாலும் சொல்லாமல் விட்டது அவற்ற வேலையின்ர ஒழுங்கு. எங்கட இடங்களில் இப்பிடியான உதவியாளர்கள் கனபேர் வேலையோட வேலையாகப் பழகினவை. எந்த மிருகத்தை எப்பிடிப் பிடிக்கிறது, எது கடிக்கும், எது மயங்கப்போகுது எண்டு அவைக்குத் தெரியும். எங்களைப் பிடிக்க விடாததுக்கும் காரணம் இருக்கு. ஊசி ஏறேக்க வளர்க்கிற ஆளின்ர மனம் இளகும், கை தளரும், பூனை கடிக்கும். விசர்நாய்க்கடி நோய் இன்னும் இருக்கிற நாட்டில் ஒரு கடி சின்ன விசயம் இல்லை.

அரச அலுவலகத்துக்குப் போறதெண்டால் இன்னொண்டு தெரிஞ்சிருக்கோணும். அங்க இருக்கிற டொக்டருக்கு மாடு, ஆடு, கோழி எல்லாம் பொறுப்பு. நீங்கள் போற நேரம் ஆற்றையோ மாடு கண்டு போடமுடியாமல் கிடக்கு எண்டு போயிருக்கலாம். அதனால முதலே கோல் எடுத்துக் கேட்டிட்டுப் போறது நல்லது. அங்க இருக்கிற மற்ற உத்தியோகத்தர்களில் சினைப்படுத்தல், தடுப்பூசி மாதிரியான வேலை செய்யிறவையும் இருப்பினம். எல்லாரையும் “டொக்டர்” எண்டு கூப்பிட்டு மருந்து கேக்காமல், “ஆரிட்டக் காட்டோணும்?” எண்டு கேட்டால் அவையே வழி சொல்லுவினம்.

ஒடியல் தப்பிட்டுது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மருந்து. ரெண்டு நாள் கிளினிக்கில் வைச்சிருந்தினம். ரெண்டாம் நாள் இரவு தானாக வாய் வைச்சுக் கொஞ்சம் சூடைமீன் திண்டது எண்டு அந்த அண்ணைதான் கோல் எடுத்துச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு அனுமதி இருந்தது போல. குரலில நல்ல சந்தோசம்.

எல்லாருக்கும் இப்பிடி முடியாது. அந்த இருபது நிமிசத்தில அது செத்திருந்தால் இதை நாங்கள் எழுதியிருப்பமோ தெரியாது. டொக்டர் ஒண்டுதான் சொன்னா: “உங்கட பூனைக்கு வாய் இல்லை. அதுக்காகக் கதைக்கிற வேலை உங்கட.” அண்டைக்கு அந்த இடத்தில அக்கா தன்ர வேலையைச் செய்தா, அண்ணை செய்தார், டொக்டர் செய்தா. செய்யாமல் விட்டது நாங்கள் மட்டும்தான்.

போன மாதம் தடுப்பூசிக்குக் கொண்டு போனம். என்ன சாப்பிட்டது, எப்ப பூச்சிமருந்து குடுத்தது எல்லாத்தையும் ஒரு கடதாசியில் எழுதி அக்காவிட்ட நீட்டினம். அவ வாசிச்சிட்டு நிமிர்ந்து பார்த்தா. “பனடோல் பிள்ளையளோ?” எண்டா.

“ஓம் அக்கா” எண்டம். வாங்கில இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும்.