ஊரைத் திவாலாக்கிய பெண்கள்

2023 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி, தன்னிடம் பணம் இல்லை என்று கைவிரித்தது. சட்டத்தின் மொழியில் அதற்கு 114ஆம் பிரிவு அறிவிப்பு என்று பெயர். சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் சேவைகளைத் தவிர வேறு எதற்கும் புதிதாகச் செலவு செய்ய முடியாது என்பது அதன் பொருள். பதினோரு லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம் அது. செய்திகள் அதைத் திவால் என்றே எழுதின. காரணத்தையும் ஒரே வரியில் எழுதின: பெண் ஊழியர்களின் சம ஊதியக் கோரிக்கைகள்.

இலக்கணம் கற்பிப்பவள் என்பதால் எந்த வாக்கியத்தைக் கண்டாலும் எழுவாயைத் தேடுவது என் பழக்கம். அந்தச் செய்திகளில் எழுவாய் பெண்கள். பெண்கள் கேட்டார்கள், நகரம் திவாலானது. குறைத்துக் கொடுத்தவர்கள் யார், எத்தனை ஆண்டுகள் கொடுத்தார்கள், அந்தக் காலமெல்லாம் மிச்சமான பணம் எங்கே போனது என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. இந்தக் கட்டுரை அந்த எழுவாயைத் தேடும் முயற்சிதான்.

பள்ளிச் சமையலறையில் வேலை செய்தவர்கள், கட்டடங்களைத் துடைத்துப் பெருக்கியவர்கள், முதியோரைக் குளிப்பாட்டி உணவூட்டியவர்கள், வகுப்பறை உதவியாளர்கள். இவர்கள் பெரும்பாலும் பெண்கள். குப்பை அள்ளியவர்கள், சாலை போட்டவர்கள், கல்லறைக் குழி தோண்டியவர்கள். இவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மாநகராட்சியே இந்த இரு தரப்பாரையும் ஒரே ஊதியப் படிநிலையில்தான் வைத்திருந்தது. அதாவது, இரண்டும் சமமான வேலை என்று அதுவே ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் போனஸ் மட்டும் ஆண்களின் வேலைகளுக்குத்தான். சிலருக்கு அது அடிப்படைச் சம்பளத்தையே மிஞ்சியது. ஒரே படிநிலையில் இருந்த குப்பை வண்டித் தொழிலாளி ஒருவர் ஓர் ஆண்டில் 51,000 பவுண்டு பெற்றதும், பெண்கள் 12,000 பவுண்டுக்கும் குறைவாகப் பெற்றதும் வழக்கில் எடுத்துச் சொல்லப்பட்டன.

பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் 1970இல் வந்தது. கார் தொழிற்சாலையில் இருக்கை உறை தைத்த டாகன்ஹம் பெண்கள் 1968இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளர் கட்சி அமைச்சர் பார்பரா காசில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அது நடைமுறைக்கு வந்தது 1975 இறுதியில். பர்மிங்காம் பெண்கள் 4,000க்கும் மேற்பட்டோர் தீர்ப்பாயத்தில் வென்றதோ 2010இல். நடுவே ஒரு தலைமுறை வேலைக்குச் சேர்ந்து, முதுகு வலித்து, ஓய்வும் பெற்றுவிட்டது. வேலையை விட்டுப் போனவர்கள் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு வந்திருக்க வேண்டும், வராதவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று மாநகராட்சி வாதாடியது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆறு ஆண்டுகள் வரை உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்றது.

இதில் எந்தக் கட்சியைக் குற்றம் சொல்வது? 2004 முதல் 2012 வரை அந்த நகரை ஆண்டது கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி. அதற்கு முன்னும் பின்னும் தொழிலாளர் கட்சி. வலதும் நடுவும் இடதும் மாறி மாறி நாற்காலியில் உட்கார்ந்தன. எவரும் தாமாக முன்வந்து அந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை. பெண்களின் கூலியில் பிடித்த பணத்தில் நகரம் ஓடுவது எல்லாக் கட்சிகளுக்கும் வசதியாகவே இருந்தது. நான் அதைக் கடன் என்று சொல்வேன். கைம்மாற்றுச் சீட்டு எழுதாமல், வட்டி கொடுக்காமல், கேட்காமலே எடுத்துக்கொண்ட கடன். 2023க்குள் ஏறத்தாழ 110 கோடி பவுண்டைத் திருப்பிக் கொடுத்த பிறகும், இன்னும் 65 முதல் 76 கோடி வரை பாக்கி இருக்கலாம் என்று மாநகராட்சியே கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கு ஊதிப் பெருக்கப்பட்டது என்று பிறகு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். ஆனால் ‘பெண்களால் திவால்’ என்ற வரி அதற்குள் உலகைச் சுற்றி வந்துவிட்டது.

இந்த நகரம் எனக்குத் தெரிந்த நகரம். ஆய்வு நல்கை ஒன்றில் ஓராண்டு அங்கே என் தங்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். 2022 மே 5 அன்று அங்கே வாக்களித்திருக்கிறேன். பிரிட்டனில் முறைப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அங்கே வாக்குரிமை உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு அதற்குத் தடையில்லை. விரலில் மை கிடையாது. நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். நான் தொழிலாளர் கட்சிக்குப் போட்டேன். அதை மறைக்க வேண்டியதில்லை. அன்றைய நிலையில் மறுபடியும் அதையேதான் செய்வேன். அந்தக் கட்சி 101 இடங்களில் 65ஐ வென்றது.

வாசல் கதவின் துளை வழியே வந்து விழுந்த துண்டறிக்கைகளை எல்லாம் சேர்த்து வைத்து வாசித்தேன். சாலைக் குழிகள், குப்பை, வாகன நிறுத்தம். இவற்றுக்குக் கீழே பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஊரடங்கு கால விருந்துகள். மறுநாள் தொலைக்காட்சியில் பேசியவர்கள் குழிகளையும் விட்டுவிட்டார்கள். ஜான்சன் நீடிப்பாரா, எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டார்மருக்கு இது போதுமா என்பதே பேச்சு. உள்ளாட்சித் தேர்தல் அங்கே லண்டனின் காய்ச்சலை அளக்கும் வெப்பமானி. முதியோரை யார் குளிப்பாட்டுவார்கள், அடிபட்டு ஓடிவரும் பெண்ணுக்குப் படுக்கை எங்கே கிடைக்கும், மாலையில் நூலகம் திறந்திருக்குமா என்பவற்றை முடிவு செய்யும் தேர்தல் என்று அன்று திரையில் ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் வரலாறு வேறுவிதமாகத் தொடங்கியது. பிரிட்டன் பெண்கள் நாடாளுமன்ற வாக்குரிமையை 1918இல்தான் பெற்றார்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1869இல், வரி செலுத்திய கைம்பெண்களும் மணமாகாதவர்களும் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கத் தொடங்கிவிட்டார்கள். 1894இல் மணமானவர்களுக்கும் உள்ளாட்சி வாக்கு கிடைத்தது. 1907 முதல் நகர, மாவட்ட மன்றங்களுக்குப் போட்டியிட முடிந்தது. போர், பேரரசு, வெளியுறவு எல்லாம் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். பள்ளியும் ஏழைகளும் சாக்கடையும் வீட்டு வேலையின் நீட்சிதானே, பெண்கள் பார்க்கட்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. இளக்காரமாகத் திறந்துவிட்ட கதவு அது. அதன் வழியே நுழைந்த பெண்கள் என்ன செய்தார்கள் என்பதற்குக் கிழக்கு லண்டனின் பாப்ளர் சாட்சி.

துறைமுகக் கூலிகள் வாழ்ந்த பாப்ளரில் 1919இல் தொழிலாளர் கட்சி வென்றது. மாநகராட்சி ஊழியர்களுக்கு வாரம் 4 பவுண்டு குறைந்தபட்சக் கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே என்று முடிவு செய்தது. 1921இல், பணக்காரப் பகுதிகளைவிட ஏழைப் பகுதிகள் அதிக வரிச்சுமை தாங்கும் முறையை எதிர்த்து, லண்டன் பெருமன்றத்துக்குக் கட்ட வேண்டிய பங்கைக் கட்ட மறுத்தது. 30 உறுப்பினர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஐவர் பெண்கள். ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணியான நெல்லி கிரசல். மின்னி லான்ஸ்பரி சிறையிலிருந்து வந்த சில மாதங்களில், 1922 புத்தாண்டு நாளில், 32 வயதில் இறந்தார். வரிப் போராட்டத்தில் பாப்ளர் வென்றது, சட்டம் மாறியது. கூலி வழக்கில் தோற்றது. 1925இல் பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் அந்தக் கூலி வரம்பு மீறியது என்றார்கள். ஒரு நீதிபதி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி தர நினைத்ததைப் பெண்ணிய ஆசை என்று குறித்துக் கண்டித்தார்.

அன்று சமக் கூலி கொடுத்தது குற்றம். இன்று கொடுக்காதது குற்றம். இரண்டு காலத்திலும் தீர்ப்புக்குப் பிறகு தலைப்புச் செய்தி ஒன்றுதான்: பெண்களுக்குக் கொடுத்தால் ஊர் தாங்காது.

ஊர் தாங்காமல் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2010இல் டேவிட் கேமரூன் அரசு சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் உள்ளாட்சி மானியங்களை வெட்டத் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் 100 கோடி பவுண்டு இழந்ததாக பர்மிங்காம் சொல்கிறது. புதிய கணினிக் கணக்கு முறை ஒன்றை வாங்கி, அது ஓடாமல், அதைச் சரிசெய்யவே பல கோடி போனது. இந்த இரண்டையும் தலைப்பில் போட்டவர்கள் குறைவு. மானிய வெட்டு, கணினி என்றால் குற்றவாளிக்கு முகம் இல்லை. துடைப்பம் பிடித்த பெண்ணுக்கு முகம் உண்டு.

அதன் பின் லண்டனிலிருந்து ஆணையர்கள் வந்தார்கள். யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காதவர்கள். 2024 மார்ச்சில் நிறைவேறிய வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 30 கோடி பவுண்டு வெட்டு; கவுன்சில் வரி ஏறத்தாழ 10 சதவீதம் உயர்வு. இளைஞர் சேவை, நூலகங்கள், முதியோர் பராமரிப்பு எல்லாம் சுருங்கின. தெருவிளக்குகள் மங்கின. ஒரு சேவை வெட்டப்படும்போது அந்த வேலை மறைந்துபோவதில்லை. கூலி இல்லாமல் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த வீட்டில் அதைச் செய்வது யார் என்று பெண்களிடம் சொல்லத் தேவையில்லை.

2025இல் குப்பைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நடந்தது. 2017 வேலைநிறுத்தத்துக்குப் பின் உருவான ஒரு பதவியை மாநகராட்சி ஒழித்தது. அதை வைத்திருந்தால் மீண்டும் சம ஊதிய வழக்கு வரும் என்றது. ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை சிலருக்கு இழப்பு என்றது தொழிற்சங்கம், மாநகராட்சி மறுத்தது. தெருவில் 17,000 டன் குப்பை குவிந்தது. பெண்ணின் கூலியை உயர்த்திச் சமமாக்கலாம்; ஆணின் கூலியைக் குறைத்தும் சமமாக்கலாம். இரண்டாவது வழி சிக்கனமானது. அதோடு, ஆண் தொழிலாளியின் கோபத்தைப் பெண் தொழிலாளியின் மீது திருப்பிவிடும் வழியும் அதுதான்.

கோபம் அப்படித்தான் திரும்ப வேண்டும் என்பதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2018 அக்டோபரில் 8,000க்கும் மேற்பட்ட பெண்கள், பராமரிப்புப் பணியாளர்களும் சமையல்காரர்களும் துப்புரவுப் பணியாளர்களும், இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களது மறியல் வரிசையைத் தாண்ட மாட்டோம் என்று குப்பை வண்டி ஆண்கள் வண்டியை எடுக்காமல் நின்றார்கள். அங்கும் பத்தாண்டுக்கு மேல் இழுத்தடித்தது தொழிலாளர் கட்சி ஆட்சிதான். 2017இல் வந்த ஸ்காட்லாந்து தேசியக் கட்சி ஆட்சி, இந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 2019இல் உடன்பாட்டுக்கு வந்தது. நகரத்தின் கட்டடங்களை விற்று, வாடகைக்குத் திரும்ப எடுத்துப் பணம் புரட்டினார்கள். வலித்தது; ஆனால் கொடுத்தார்கள்.

இவற்றையெல்லாம் நான் என் தங்கையிடம் உற்சாகமாகச் சொல்லியிருக்கிறேன். அவள் வீடு வீடாகப் போய் முதியோரைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறாள். ஒரு காலத்தில் மாநகராட்சியே செய்த வேலை அது. இப்போது ஒப்பந்த நிறுவனங்கள் வழியே நடக்கிறது. ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம். அடுத்த வீட்டுக்குப் பஸ்ஸில் போகும் நேரத்துக்குக் கூலி கிடையாது. நான் பேசி முடித்ததும் அவள் கேட்டாள்: “என்கூட வேலை பாக்குற எல்லாருமே பொம்பளைங்கதான்க்கா. யாரைக் காட்டி, அவருக்கு அவ்வளவு, எனக்கு ஏன் இவ்வளவுன்னு நான் கேக்குறது?”

சட்டத்தின் ஓட்டை அவள் கேள்வியில் இருந்தது. சம ஊதியம் கேட்க, அதே முதலாளியிடம் வேலை செய்யும் ஓர் ஆணை ஒப்பீட்டுக்குக் காட்ட வேண்டும். வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டால் காட்டுவதற்கு ஆண் இல்லை. பர்மிங்காமில் வென்றவர்கள் மாநகராட்சியின் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்த பெண்கள். பெயர் இல்லாதவர்களுக்கு வழக்கும் இல்லை, வெற்றியும் இல்லை.

அந்தப் பெயரில்லாதவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள். பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்துவரக் கூடாது என்று 2024 மார்ச்சில் தடுத்தது கன்சர்வேட்டிவ் அரசு. வெளிநாட்டிலிருந்து புதிய பணியாளர்களை எடுக்கும் வழியையே 2025 ஜூலையில் அடைத்தது தொழிலாளர் கட்சி அரசு. அதற்கு முன், மே 1 தேர்தலில், குடியேற்ற எதிர்ப்பையே கொடியாக்கிய ரிஃபார்ம் யுகே கட்சி 677 இடங்களையும் 10 மன்றங்களையும் பிடித்திருந்தது. குடியேற்றத்தை முடிவு செய்யும் அதிகாரம் எந்த உள்ளாட்சிக்கும் இல்லை. ஆனால் அந்த மன்றங்களின் செலவில் பெரும்பங்கு முதியோர் பராமரிப்பு. அதைச் சுமப்பவர்களில் கணிசமானோர் குடியேறிய பெண்கள். யாரை வெளியேற்றுவோம் என்று சொல்லி வாக்கு வாங்கினார்களோ, அவர்கள் கையால்தான் வாக்களித்தவர்களின் தாய்மார்கள் சாப்பிடுகிறார்கள்.

2024 டிசம்பரில் பர்மிங்காம் மாநகராட்சிக்கும் தொழிற்சங்கங்களுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. ஏறத்தாழ 6,000 பேரின் வழக்குகளுக்கு அது பொருந்தும். அதே ஆண்டு பொதுத் தேர்தலில் வென்ற தொழிலாளர் கட்சி, ஒப்பந்தத்துக்கு விடுவதைக் காட்டிச் சம ஊதியத்திலிருந்து தப்ப முடியாதபடி சட்டம் கொண்டுவருவோம் என்று வாக்குறுதி தந்திருந்தது. எனக்கு அந்தக் கட்சியின் கொடியும் பாடலும் பெரிதல்ல. பாப்ளரில் சிறைக்குப் போனதும் அதே கட்சிதான், பர்மிங்காமில் நீதிமன்றத்தில் பெண்களை எதிர்த்து நின்றதும் அதே கட்சிதான். இந்த இரண்டில் எது தன் வம்சம் என்று அது சொல்ல வேண்டும். மேடையில் வேண்டாம், சட்டப் புத்தகத்தில் சொல்லட்டும். தங்கை கேட்ட கேள்விக்கு அந்த ஒரு சட்டப்பிரிவுதான் பதில்.