கண்ணுக்குப் படாத உறுப்பு

விளக்கின் ஒளியைப் புகழ்வோர் பலர். திரிக்கு எண்ணெய் ஊட்டும் அகலை நினைப்போர் சிலரே. ஒரு கணிப்பொறியை உறுப்பு உறுப்பாகத் தேர்ந்து வீட்டிலேயே பூட்ட முனைவோருக்கு இவ்வுண்மை விரைவில் புலப்படும்.

கோவளத்தில் கடலுக்குக் கூப்பிடு தொலைவில் வாழும் என் தங்கை, கணவரை இழந்தபின் தையல் வேலையால் குடும்பம் நடத்தி வருகிறாள். கல்லூரியில் பயிலும் அவள் மகள், படிப்புக்கும், ஓய்வு நேரத்தில் கடைகளுக்குக் கணக்கெழுதிப் பொருளீட்டவும் ஒரு கணிப்பொறி வேண்டுமென்றாள். தங்கை தன் வளையலை விற்று, செங்கற்பட்டில் இருக்கும் என்னிடம் 45,000 ரூபாயைக் கொடுத்து, "அண்ணே, நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்றாள். மறுமுறை விற்க அவளிடம் வேறு வளையல் இல்லை.

உறுப்புகளாக வாங்கிப் பூட்டுவது எவ்வாறு இயலும் எனச் சிலர் வினவலாம். 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, சந்தையில் கிடைத்த உறுப்புகளையே பெரிதும் பயன்படுத்தியது. அமைப்பு விவரங்களையும் வெளியிட்டது. அதனால் பிறரும் பொருந்தும் உறுப்புகளைச் செய்யலாயினர். 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுத்திட்டம், மதர்போர்டின் திருகுத் துளைகளுக்குக்கூட இடம் குறித்தது. எனவேதான் வெவ்வேறு நாடுகளில் பிறந்த உறுப்புகள் கோவளத்து வீடொன்றில் கூடிப் பொருந்துகின்றன. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். எளிய குடும்பத்துக்கு இதனினும் பெரிய நன்மை யாது?

தேர்வு கடையில் தொடங்குவதன்று, வீட்டில் தொடங்குவது. அவள் செய்யப்போகும் வேலைகளை முதலில் தாளில் எழுதினோம். விளையாட்டும் திரைப்படத் தொகுப்பும் அதில் இடம்பெறவில்லை. ஆதலின் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. படம் காட்டும் திறனைத் தன்னுள்ளேயே கொண்ட பிராசசர் போதும். பிராசசரும் மதர்போர்டும் ஒரே சாக்கெட் உடையனவாதல் வேண்டும், ஏ.எம்.4 பலகையில் ஏ.எம்.5 பிராசசர் அமராது. டி.டி.ஆர்.4 ராமுக்குரிய இடத்தில் டி.டி.ஆர்.5 நுழையாது; இரண்டின் வெட்டும் வெவ்வேறு இடத்தில் உள்ளது. 2025-இன் பிற்பகுதியில் ராம் விலை உலகெங்கும் ஏறிவிட்டதால், 16 ஜி.பி. கொண்ட ஒற்றைப் பட்டையோடு நின்றோம். பின்னாளுக்கென ஓரிடம் காலியாக இருக்கிறது. சேமிப்புக்குச் சுழலும் தட்டுடைய ஹார்டு டிஸ்க்கை விடுத்து, அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி.யைக் குறித்துக்கொண்டோம்.

பட்டியலுடன் மின்ரயிலேறி எழும்பூரில் இறங்கி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை அடைந்தோம். ஒரு கடையில் இளைஞர் ஒருவர், கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் கொண்ட கேபினெட்டைக் காட்டி, "பாய், இதை எடுத்துக்கொள்ளுங்கள், எஸ்.எம்.பி.எஸ். இதனுடனேயே வருகிறது, தனிச் செலவில்லை" என்றார். சிறுமியின் கண்கள் அவ்விளக்குகளில் தங்கின.

எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக்கி, எல்லா உறுப்புகளுக்கும் பங்கிடும் பெட்டி. கேபினெட்டுக்குள் மறைந்திருப்பதால் அதைப் பார்ப்பாரில்லை. அது தவறினால் தான் மட்டும் கெடாமல், தன்னை நம்பிய மதர்போர்டையும் உடன் கொண்டுபோகக் கூடும். "80 பிளஸ்" என்னும் முத்திரை, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டை அது உறுப்புகளுக்குச் சேர்க்கும் என்பதைக் குறிக்கும். எஞ்சியது வெப்பமாய் வீணாகும். முத்திரை மட்டும் போதாது. மின்னழுத்தம் மிகும்போதும் குறுக்குச்சுற்று நேரும்போதும் தானே நின்றுவிடும் காப்பு உண்டா என்றும் பார்த்தல் வேண்டும். இவற்றை நான் எடுத்துச் சொன்னதும், சற்று எண்ணிப் பார்த்தவள், "மாமா, விளக்கு வேண்டாம், அந்தப் பெட்டியையே நல்லதாக வாங்குவோம்" என்றாள். 450 வாட் திறனுடைய நல்ல பெட்டி ஒன்றும், மின்தடையின்போது வேலையைச் சேமித்து அணைக்க உதவும் யு.பி.எஸ். ஒன்றும் எங்கள் பணத்துக்குள் அடங்கின.

கடலோர வீட்டுக்கு மற்றொரு பகை உப்புக்காற்று. தெற்கே மாமல்லபுரத்தில், எட்டாம் நூற்றாண்டுக் கடற்கரைக் கோயிலின் கற்சிற்பங்களையே அது அரித்து மழுக்கியிருக்கிறது. கல்லில் ஊறிய உப்பைத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழ் அப்பி உறிஞ்சி எடுப்பதும், காற்றைத் தடுக்கச் சவுக்கு வளர்த்ததும் அதனாலன்றோ? கல்லுக்கே அந்நிலை எனில், மெல்லிய செப்புக் கோடுகள் எம்மாத்திரம்! உப்பு ஈரத்தை ஈர்த்துப் பலகையில் படிந்தால் அரிப்பும் மின்கசிவும் தொடரும். ஆகவே கழற்றிக் கழுவத்தக்க வலைத்தடுப்புள்ள எளிய கேபினெட்டை வாங்கி, கடல்நோக்கிய சன்னலுக்கு எதிர்ச்சுவரோரம், தரையினின்று உயர்த்தி வைத்தோம். வலைத்தடுப்பை மாதந்தோறும் அவளே கழுவி உலர்த்துகிறாள்.

இவையனைத்துக்கும் முன்பாக ஒன்று செய்தோம். சுவரிலிருந்த மூன்று துளைப் பிளக்கில் எர்த் இணைப்பு உண்டா என எலக்ட்ரீசியனை அழைத்துச் சோதித்தோம். துளை இருந்தது, உள்ளே கம்பி இல்லை! அதைச் சரிசெய்த பின்னரே பட்டியலைக் கையிலெடுத்தோம்.

சென்ற மாதம் இரண்டு கடைகளுக்குக் கணக்கெழுதி, அவள் தன் முதல் ஊதியத்தைத் தாயின் கையில் கொடுத்தாள். பிள்ளைகளுக்குக் கணிப்பொறி வாங்க எண்ணும் பெற்றோர், கடையின் விளக்குகளைக் காணுமுன் தம் வீட்டுச் சுவரின் பிளக்கை ஒருமுறை சோதித்துவிட்டுப் புறப்படுவாராக.