சாய்ந்த சக்கரத்தின் ஊர்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், யோக்யகர்த்தாவிலிருந்து சோலோ நகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையின் நடுவழியில் கிளாத்தேன் மாவட்டம் வருகிறது. சாலைக்கு வடக்கே மெராப்பி எரிமலை. காலங்காலமாக அது கொட்டிய சாம்பல்தான் இங்கே வயல். மலைச்சரிவில் இறங்கும் மழைநீர் அடிவாரத்துக்கு வந்ததும் ஊற்றாகப் பீறிடுகிறது. பொங்கோக், சோக்ரோ என்று ஊருக்கு ஊர் ஊற்றுக் குளங்கள். டெலாங்கு வட்டாரத்தில் விளையும் ரொஜொலெலெ அரிசிக்கு ஜாவா முழுக்கப் பெயர் உண்டு. ஆளுயரம் வளரும் அந்த நெல் ஏறக்குறைய ஐந்து மாதம் வயலில் நிற்கும். அத்தனை நாளும் நீர் பாய்ச்ச வடக்கே குறைவில்லை.

சாலையைக் கடந்து தெற்கே திரும்பினால் காட்சி மெல்ல மாறுகிறது. வேதி வட்டாரம் வரை வயல்கள் துணைக்கு வருகின்றன. நடுநடுவே மூங்கில் சட்டத்தில் எழுப்பிய நீளமான புகையிலைக் கொட்டகைகள். டச்சுக்காரர் காலம் தொட்டு ஐரோப்பியச் சுருட்டுகளுக்கு மேலிலை இந்த மண்ணிலிருந்து கப்பலேறியது. இன்னும் கொஞ்சம் போனால் வயல்கள் சுருங்கிவிடுகின்றன. தேக்கும் மூங்கிலும் அடர்ந்த தாழ்ந்த குன்றுகள் குறுக்கே நிற்கின்றன. ஜிவோ குன்றுகள் என்று பெயர். கோடையில் இங்கே தேக்கு மரங்கள் மொட்டையாகும், தரை வெடித்துக் கிடக்கும்.

குன்றுகளின் காலடியில் மெலிகான் கிராமம். அதன் ஒரு பகுதி பகெர்ஜுராங் குடியிருப்பு. ஆட்சிக் கணக்கில் வேதி வட்டாரத்தைச் சேர்ந்தது என்றாலும், பக்கத்து வட்டாரமான பாயாத்தின் பெயரிலேயே இதன் பானைகளை வெளியூரார் அறிவார்கள்.

காலை ஏழு மணிக்குள் தெரு விழித்துக்கொள்கிறது. வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பாவாடையும் அணிந்த பள்ளிப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிள்களின் பின்னால் தொற்றிக்கொண்டு போகிறார்கள். முற்றங்களில் ஈர்க்குமாறு தேய்க்கும் ஓசை. எதிர்ப்படும் ஒவ்வொருவரும் தலையைச் சற்றே தாழ்த்தி "மொங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் கடக்கிறார்கள். வீட்டு முன்புறங்களில் பலகைகள் நீட்டிக் கிடக்கின்றன. அவற்றின்மேல் முந்தைய நாள் வனைந்த கிண்ணங்கள், கெண்டிகள், சட்டிகள், கரியடுப்புகள் நிழலில் காய்கின்றன. வெயில் நேராகப் பட்டால் விளிம்பு வெடிக்கும் என்பதால் ஒரு சிறுமி பள்ளிக்குப் புறப்படும் அவசரத்திலும் ஒரு பலகையை உள்ளே நகர்த்திவிட்டுப் போகிறாள்.

ஒரு திண்ணையில் வயது முதிர்ந்த பெண்மணி வேலையைத் தொடங்குகிறார். குட்டையான மரமணையில் பக்கவாட்டாக அமர்ந்திருக்கிறார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, மெழுகெழுதிச் சாயமேற்றிய பாத்திக் துணி இறுக்கமாகச் சுற்றியிருக்கிறது. அவர் முன்னால் இருக்கும் சக்கரம் தட்டையாகக் கிடக்கவில்லை, அவரை நோக்கி நன்றாகச் சாய்ந்திருக்கிறது. அதன் அச்சில் ஒரு கயிறு சுற்றியிருக்கிறது. ஒரு கால் மிதியைத் தள்ளும்போது கயிறு இழுபட்டுச் சக்கரம் சுழல்கிறது. காலைத் தளர்த்தினால் வளைந்திருந்த மூங்கில் நிமிர்ந்து கயிற்றைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. தள்ளல், தளர்த்தல், மறுபடி தள்ளல். களிமண் உருண்டை அவர் விரல்களுக்கு நடுவே எழும்பி, குழிந்து, வாய் விரிந்து கிண்ணமாகிறது. ஒரு நூலால் அடியை அறுத்து எடுத்துப் பலகையில் வைக்கிறார். அடுத்த உருண்டை ஏறுகிறது. பேச்சில்லை, பக்கத்தில் ஒரு வானொலி மட்டும் பாடிக்கொண்டிருக்கிறது.

உலகின் பெரும்பாலான இடங்களில் குயவர் சக்கரம் தரைக்கு இணையாகச் சுற்றும். வனைபவர் முழங்கால்களை அகட்டிக்கொண்டு அதன் முன் அமர்வார். இந்த ஊரில் வனைபவர்கள் பெண்கள். உடம்பைச் சுற்றிய நீளத் துணியோடு அப்படி அமர முடியாது, அமர்வது நாகரிகமாகவும் கருதப்படவில்லை. அதனால்தான் சக்கரம் சாய்ந்தது என்பது ஊரார் சொல்லும் காரணம். வனைபவரை வளைக்காமல் கருவியை வளைத்திருக்கிறார்கள். வேலை செய்பவரின் உடலையும் உடையையும் மதித்துச் செய்த கருவி இது. பெரிய சாடிகளுக்கு இது உதவாது, அவற்றுக்குத் தட்டைச் சக்கரமே வேண்டும். கைக்கு அடக்கமான பாத்திரங்களை வேகமாக வனைய இதற்கு இணையில்லை. ஜப்பானின் கியோத்தோ செய்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் சித்தாரு கவாசாகி இந்தச் சக்கரத்தைத் தேடி வந்து ஆராய்ந்தார். அதன் பிறகே வெளியுலகம் இதைக் கூர்ந்து பார்த்தது.

ஆண்களின் வேலை மண் வெட்டிக் கொண்டுவருவதும் சூளை போடுவதும். கருமண்ணையும் செம்மண்ணையும் மணலோடு சேர்த்து மிதித்துப் பிசைகிறார்கள். பாதி காய்ந்த பாத்திரத்துக்குச் செங்காவி பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது மறுபடியும் பெண்களின் வேலை. சூளையில் பானைகளை அடுக்கி விறகும் வைக்கோலும் காய்ந்த இலைகளும் போட்டு மூட்டுகிறார்கள். சிவப்பாக வேண்டுமென்றால் நெருப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். கறுப்பாக வேண்டுமென்றால், சூடு தணியும் முன் இலைதழைகளைப் போட்டுப் புகையை உள்ளேயே அடக்குகிறார்கள். புகை மண்ணுக்குள் ஏறிக்கொள்கிறது. மதியத்துக்குள் தெரு முழுவதும் அந்த வாசனை பரவிவிடுகிறது.

இந்தக் களிமண்ணுக்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. ஜாவாவின் பெரும்பகுதி எரிமலைகள் கட்டிய இளம் நிலம். டெர்ஷியரி காலத்துக்கும் முந்தைய பாறைகள் வெளியே தலைகாட்டும் இடங்கள் அந்தத் தீவில் மிகச் சில: மேற்கே சிலெத்து, நடுவே காராங்சம்புங், பிறகு இந்தப் பாயாத். குன்றுகளின் ஒரு பகுதியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையில் நாணயம் போல வட்டமான நும்முலைட் ஓடுகள் பதிந்திருக்கின்றன. மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே ஆழமில்லாத கடல் இருந்ததற்கு அவையே சாட்சி. கஜா மாடா பல்கலைக்கழகம் இங்கே ஒரு களப்பயிற்சி வளாகம் நடத்துகிறது. கையில் சுத்தியலும் தோளில் பையுமாக மாணவர்கள் வரப்புகளில் வரிசையாக நடந்து போகிறார்கள். வழியில் கிழங்கு பிடுங்கும் விவசாயி நிமிர்ந்து பார்த்து, எந்தப் பக்கம் போனால் பாறை தெரியும் என்று கைகாட்டுகிறார்.

ஊருக்கு அருகே ஒரு குன்றின்மேல் சூனான் பாயாத்தின் சமாதி. அவர் முன்பு பண்டானாரான் என்ற பெயரில் செமாராங்கை ஆண்டவர், செல்வத்தில் பற்று மிகுந்தவர். புல் விற்பவர் வேடத்தில் வந்த இஸ்லாமிய ஞானி சூனான் காலிஜாகா நிலத்தைக் கொத்தியதும் பொற்கட்டி புரண்டு வந்ததைக் கண்டு வெட்கி, பதவியைத் துறந்து தெற்கு நோக்கி நடந்தார் என்பது மக்கள் வழங்கும் கதை. அவர் வந்து தங்கி இஸ்லாத்தைப் போதித்த இடம் இது. சாய்ந்த சக்கரத்தையும் அவரே கற்றுக்கொடுத்தார் என்று மெலிகான் நம்புகிறது. சமாதிக்குப் போகும் நீண்ட படிக்கட்டில் இரண்டாகப் பிளந்தது போன்ற வாயில்கள் நிற்கின்றன. கோயில் கட்டிய கைகளின் மரபு அவற்றில் அப்படியே தெரிகிறது. படிகளின் இருபுறமும் கடைகள். அவற்றில் மெலிகான் கெண்டிகள்.

மாத்தராம் அரசர் சுல்தான் அகுங் 1633-இல் இந்தச் சமாதிக்கு யாத்திரை வந்து வாயில் ஒன்றையும் எழுப்பினார். அதே ஆண்டில்தான் அவர் ஜாவாவின் நாட்காட்டியை மாற்றியமைத்தார். மாதங்கள் இஸ்லாமிய முறைப்படி சந்திரனைப் பின்பற்றின. ஆண்டு எண்ணிக்கையோ இந்தியாவிலிருந்து வந்த சக ஆண்டின் தொடர்ச்சியாக 1555-இலிருந்து முன்னே சென்றது. பழையதை விடாமல் புதியதை ஏற்ற அந்த ஏற்பாடு இன்றும் இங்கே நடைமுறையில் இருக்கிறது. ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் சுற்று ஒன்றும் ஓடுகிறது: லெகி, பஹிங், போன், வகே, கிளிவோன். சந்தை கூடுவதும், கல்யாணத்துக்கு நாள் குறிப்பதும், வெள்ளிக்கிழமைக்கு முந்தைய இரவில் சமாதிக்குக் கூட்டம் திரள்வதும் இந்த இரண்டு சுற்றுகளும் சந்திக்கும் புள்ளியைப் பார்த்துத்தான்.

பக்கத்து ஊர்களுக்கும் அவரவர் தொழில் உண்டு. கெபோனில் பெண்கள் துணியில் மெழுகெழுதுகிறார்கள். ஜாரும் ஊரில் மரமுகமூடிகளின்மேல் பாத்திக் கோலம் ஏறுகிறது. கிராகித்தானில் ரவா ஜோம்போர் ஏரி. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் கழித்து, அங்குள்ள சிதொகுரோ குன்றில் கெதுபாத் சோற்றுப் பொட்டலங்களை மலையாகக் குவித்து எடுத்துவருவார்கள். பிரார்த்தனை முடிந்ததும் கூட்டம் பாய்ந்து அள்ளிக்கொள்ளும்.

தெற்கே ஙெராஙான் கிராமம் இன்னும் வறண்டது. விளைச்சல் போதாமல் அங்கிருந்து ஆண்கள் சோலோவுக்குப் பிழைக்கப் போனார்கள். 1930களில் கர்சோ டிக்ரொமோ என்பவர் தோளில் காவடி கட்டி, ஒருபுறம் சோறும் பலகாரமும் மறுபுறம் கரியடுப்பும் கெட்டிலுமாகத் தெருத்தெருவாக விற்றார். பிறகு காவடி தள்ளுவண்டியானது. கிளாத்தேனின் சாவாஸ் பகுதியிலிருந்து போன பைரோ என்ற முதியவர் 1950களில் யோக்யகர்த்தாவில் அதை வேரூன்றச் செய்தார். இன்று ஜாவாவின் எந்த நகரத்திலும் இருட்டியதும் அங்க்ரிங்கான் வண்டிகளின் விளக்கு தெரியும். வாழையிலையில் மடித்த ஒரு பிடி சோறு, சூடான இஞ்சித் தேநீர், நீள மணை. மாணவரும் ரிக்‌ஷாக்காரரும் அதிகாரியும் தோளோடு தோள் உரசி அமர்ந்து சாப்பிடும் இடம். வயல் தராத சோற்றைத் தேடிப் போனவர்கள் ஒரு தீவுக்கே மலிவாகச் சோறு போடும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

2006 மே மாதம் மெராப்பி சீறத் தொடங்கியது. எல்லோருடைய கண்ணும் வடக்கே மலைமேல் இருந்தது. ஆபத்தோ தெற்கிலிருந்து, காலுக்குக் கீழிருந்து வந்தது. மே 27, விடியற்காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு நிலம் ஏறக்குறைய ஒரு நிமிடம் குலுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 6.3. யோக்யகர்த்தாவும் மத்திய ஜாவாவும் சேர்த்து 5,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கிளாத்தேனில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். இரும்புக் கம்பி வைக்காத செங்கல் சுவர்களே பெரும்பாலானவர்களைக் கொன்றன. பிரம்பானான் கோயில்களிலிருந்தும் கற்கள் சரிந்தன. மெலிகான் பகுதியில் வீடுகள் விழுந்தன. வனைந்து அடுக்கிய பானைகள் நொறுங்கின.

உதவி வந்துசேரும் முன்பே ஊர் தானே கைகோத்துக்கொண்டது. ஒருவர் வீட்டை எல்லோரும் சேர்ந்து எழுப்புவதும், அடுத்த வாரம் அடுத்த வீட்டுக்குப் போவதும் கோத்தோங் ரோயோங் என்ற பழைய வழக்கம். இடிபாட்டை அகற்றியதும் அந்த வழக்கம்தான், கூரை ஏற்றியதும் அதுதான். பெண்கள் பொதுச்சமையல் செய்தார்கள். பின்னர் கத்தார் நாட்டு உதவியோடு பாயாத்தில் ஒரு தொழிற்பள்ளி எழுந்தது. பாத்திக்கோடு சாய்ந்த சக்கரமும் அங்கே ஒரு பாடம். தாயிடம் மட்டுமே கற்கக்கூடியதாக இருந்த வேலையை இப்போது எந்த வீட்டுப் பிள்ளையும் பள்ளியில் கற்கலாம்.

2014-இல் வந்த கிராமச் சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசின் பணம் நேராக ஊர்களுக்கு வருகிறது. சந்துகளில் சிமெண்ட் ஏறியிருக்கிறது. வாடகை வண்டிகளில் வரும் சுற்றுலாக்காரர்கள் சக்கரத்தில் கைவைத்துப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தலையில் முக்காடிட்ட இளம்பெண்கள் தொழிற்சாலைச் சீருடையில் வேலைக்குப் புறப்படுகிறார்கள். அங்கே மாதச் சம்பளம் நிச்சயம். இங்கே சூளை வெற்றி, மழை, வியாபாரி சொல்லும் விலை என எல்லாமே நிச்சயமில்லாதவை. திண்ணைச் சக்கரங்களின் முன் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பாட்டிகளும் நடுவயதுத் தாய்மார்களும்தான். பிள்ளைகள் போவதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஙெராஙான்காரர்கள் அன்று போனதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால் சந்தையில் அந்தக் கிண்ணத்தை எடுத்துத் தட்டிப்பார்த்து விலை குறைக்கச் சொல்லும் ஒவ்வொரு கையும் அந்தப் பிள்ளைகளின் முடிவில் பங்கெடுக்கிறது. மண் வெட்டியவர், மிதித்தவர், வனைந்தவர், மெருகிட்டவர், சூளையைக் காத்தவர் ஆகிய எல்லோருடைய நாளும் அந்த விலைக்குள் அடங்க வேண்டும். தொழிற்பள்ளியில் வனையக் கற்ற பெண்ணுக்குத் தையல் தொழிற்சாலை தருகிற கூலியைச் சக்கரமும் தந்தால் அவள் ஊரிலேயே இருப்பாள். தராவிட்டால் பாடம் மட்டும் மிஞ்சும். வறண்ட மண்ணை வைத்துக்கொண்டு இத்தனையும் செய்துகாட்டிய மக்கள் பரிவைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்பது நியாயமான விலை. அதைக் கொடுப்பது வாங்குபவரின் கடமை, வாங்குபவரை ஊர் வரைக்கும் கொண்டுவருவது அரசின் கடமை.