கட்டுச்சோறும் கணினிப் பாடமும்

வடபுலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மூட்டை கட்டும் கலையை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்றல் ஆணை வந்து சேரும். குத்துவிளக்கை எந்தப் பழம்புடவையில் சுற்றுவது, ஊறுகாய் ஜாடியின் வாயை எப்படிக் கட்டுவது என்பனவெல்லாம் நம் இல்லத்தரசியர்க்கு மனப்பாடம். எனினும், அண்மையில் நம் சங்கம் கட்ட நேர்ந்த மூட்டை சற்றே புதியது. அதனுள் வைக்கவேண்டியவை பாத்திரங்கள் அல்ல. அசைந்து பேசும் தமிழ் எழுத்துகள்.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்காக, 2004 முதல் 2006 வரை அன்பர்கள் சிலர் இராக்கண் விழித்து 36 அசைபடப் பாடங்களை உருவாக்கினர். திரையில் ‘அ’ என்னும் எழுத்து தானே வளைந்து எழுதிக் காட்டும். குழந்தை மவுஸை நகர்த்தி அதன்மேல் எழுதிப் பழகும். சரியாக எழுதினால் அணில் ஒன்று மரத்திலிருந்து இறங்கி வரும். எழுத்துகளை ஒலித்துக் காட்டியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். லகர, ளகர, ழகர வேறுபாட்டை அவர் குரலில் கேட்டுத் தேர்ந்த பிள்ளைகள் இன்று பற்பல ஊர்களில் பணிபுரிகின்றனர். அம்மையார் 2012-இல் காலமானார். அவர் குரல் எஞ்சியிருப்பது அப்பாடங்களில் மட்டுமே.

அப்பாடங்கள் பிளாஷ் என்னும் மென்பொருளால் அமைந்தவை. 1996-இல் வேறொரு பெயரில் பிறந்து, மேக்ரோமீடியா நிறுவனத்தின் கையில் வளர்ந்து, 2005-இல் அடோபி நிறுவனத்தைச் சேர்ந்த பிளாஷ், அந்நாளில் இணையத்து அசைபடங்களுக்கெல்லாம் தாய்வீடாக விளங்கியது. பாதுகாப்புக் குறைகள் பெருகின. கைப்பேசிகள் பல அதனை ஏற்க மறுத்தன. அது இல்லாமலேயே படங்களை அசைக்க உலாவிகளும் கற்றுக்கொண்டன. 2017-இல் அடோபி அதற்கு முடிவு குறித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் இயக்கி தானே படங்களை ஓட்ட மறுத்தது. நம் 36 பாடங்களும் ஒருசேர ஊமையாயின.

பாடங்களை வீடியோவாகப் பதிந்து இணையத்தில் ஏற்றிவிடலாமே என்று சங்கத்தில் சிலர் கருதினர். வீடியோ கண்ணுக்கு விருந்து. கைக்கு வேலை தராது. எழுதிப் பழகுவதே பாடத்தின் உயிர் அன்றோ? மேலும், மாற்றலாகிச் செல்லும் நம் குடும்பங்களுள் பல, அணைக்கட்டுக் குடியிருப்புகளுக்கும் எல்லைப்புற ஊர்களுக்கும் செல்பவை. இணையம் அங்கே வந்தால் வரும். ஆகவே, பென் டிரைவில் எடுத்துச் சென்று, எந்தக் கணிப்பொறியிலும் தட்டியவுடன் திறக்கும் தனிச் செயலியாகப் பாடங்களைக் கட்டித் தருவதே தக்கது என்று முடிவாயிற்று.

முதலில், ஊமையான பாடங்களைப் பேசவைக்க வேண்டும். அதற்கு ரஃபிள் என்னும் கட்டற்ற மென்பொருள் கைகொடுத்தது. அது பழைய பிளாஷ் இயக்கியைப் போலவே நடித்து, பழைய கோப்புகளை இன்றைய உலாவியினுள் ஓட்டுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகம் 2020 நவம்பரில் தன் பிளாஷ் சேகரிப்பைக் காக்க இதனையே நாடிற்று. பிளாஷின் நிரல்மொழி 2006-இல் பெரிதும் மாறியது. அதற்கு முந்தைய முறையில் எழுதப்பட்ட கோப்புகளை ரஃபிள் நன்றாக ஓட்டும். பிந்தையவற்றில் இன்னும் சில குறைகள் உண்டு. நம் பாடங்கள் யாவும் முந்தைய முறையைச் சேர்ந்தவை என்பது நற்பேறு.

அப்படியாயின் ஒரு பக்கத்தில் ரஃபிளையும் பாடத்தையும் சேர்த்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கணிப்பொறியிலேயே உள்ள பக்கத்தை உலாவியில் நேரே திறந்தால், அப்பக்கம் அருகிலுள்ள பிற கோப்புகளை எடுத்துக்கொள்ள உலாவி இசைவதில்லை. பாதுகாப்பை முன்னிட்ட விதி அது. திரை வெறுமையாய் நிற்கும். எனவே பாடத்திற்கென்று ஒரு பெட்டி வேண்டும்.

பெட்டிகள் பல. பழைய பிளாஷிலேயே பாடத்தையும் இயக்கியையும் ஒன்றாக்கித் தரும் புரொஜெக்டர் என்ற வசதி இருந்தது. அது இன்றும் ஓடக்கூடும். ஆயினும் பழுது நீக்குவார் இல்லாத வீட்டில் குழந்தைகளைக் குடிவைக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. 2008-இல் வெளிவந்த அடோபி ஏர் 2019 முதல் ஹார்மன் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. அதனை நாடினால் மீண்டும் ஒரே நிறுவனத்தின் தயவில் நிற்கவேண்டி வரும். எஞ்சியவை இரண்டு: எலெக்ட்ரான், டாரி.

இவ்விரண்டின் வேறுபாட்டை நம் வழக்கிலேயே சொல்லிவிடலாம். எலெக்ட்ரான், அடுப்பு, அரிசி, பாத்திரம் அனைத்தையும் உடன் எடுத்துக்கொண்டு புறப்படும் யாத்திரிகர். கிட்ஹப் நிறுவனத்தார் தம் அட்டம் என்னும் எழுது கருவிக்காக 2013-இல் தொடங்கிய இது, குரோமியம் உலாவியையே தன்னுள் அடக்கியுள்ளது. ஆகையால் எந்தச் சிறு பாடத்தைக் கட்டினாலும் மூட்டை 100 எம்.பி.யைத் தாண்டிவிடும். டாரியோ அரிசியை மட்டும் முடிந்துகொண்டு, தங்கும் வீட்டு அடுப்பில் சமைத்துக்கொள்பவர். 2022-இல் முதற்பதிப்பு கண்ட அது, கணிப்பொறியில் ஏற்கெனவே உள்ள உலாவி இயந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும், சில எம்.பி.யிலேயே மூட்டை அடங்கிவிடும்.

சங்கத்து இளைஞர் ஒருவர் டாரியின் பக்கம் நின்றார். “நாலு எம்.பி. பாடத்துக்கு நூறு எம்.பி. பெட்டியா மாமா?” என்ற அவரது வினா நியாயமானதே. ஆனால் தங்கும் வீட்டு அடுப்பு எல்லா ஊரிலும் ஒன்றாக இராது. டாரிக்கு விண்டோஸில் கிடைப்பது எட்ஜ் உலாவியின் இயந்திரம், மேக்கில் சபாரியினுடையது, லினக்ஸில் வெப்கிட்டின் மற்றொரு வடிவம். ஒலி, அசைவு, எழுத்துருத் தோற்றம் ஆகியவற்றில் ஒன்றுக்கொன்று வேறுபடக்கூடும். பழைய விண்டோஸாயின் அவ்வியந்திரமே இல்லாமலும் போகலாம். தொலைவிலுள்ள ஊரில், பேரனுக்குப் பாடம் திறந்து தரும் பாட்டியார் இக்கோளாறுகளைக் கண்டறிந்து நீக்குவாரா?

இக்கேள்வியே வழக்கைத் தீர்த்தது. பென் டிரைவில் இடத்திற்குப் பஞ்சமில்லை. பஞ்சம், பழுது பார்க்கும் ஆளுக்குத்தான். ஆகவே எலெக்ட்ரானைத் தேர்ந்தோம். நாள்தோறும் இணையத்தில் இறக்கிப் புதுப்பிக்கவேண்டிய செயலியாயின் இளைஞரின் சொல்லே வென்றிருக்கும்.

எலெக்ட்ரானுக்கும் விலை உண்டு. அதன் அண்மைய மூன்று பதிப்புகளுக்கே பழுதுநீக்கம் கிடைக்கும். பெட்டியை அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும். நம் செயலி இணையத்தை எட்டிப்பார்க்காதவாறு அமைத்தமையால் அபாயம் குறைவு. 2023-இல் வந்த 23-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7-க்கு இடமில்லை. அத்தகைய கணிப்பொறி உடையோர்க்குப் பழைய பதிப்பில் தனி மூட்டை கட்டித் தரவேண்டியதாயிற்று. கையொப்பச் சான்றிதழ் பெறாத செயலியை இணையத்திலிருந்து இறக்கினால் விண்டோஸ் நீலத்திரை காட்டி எச்சரிக்கும். அச்சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டும். நம் சந்தா வருவாய் அதற்குத் தாங்காது. கைக்குக் கை பென் டிரைவாகக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டியைவிடப் பெரிய பாடம் ஒன்றை இம்முயற்சி நமக்குக் கற்பித்தது. அந்நாளைய பிளாஷில் தமிழின் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைய மறுத்தமையால், நம் அன்பர்கள் எழுத்துகளையெல்லாம் ஓவியமாக மாற்றிவிட்டனர். அதனால் அவை இன்றும் குலையாமல் தெரிகின்றன. ஆனால் ஒரு சொல்லைத் திருத்தவும் வழியில்லை. மூலக்கோப்புகள் பலவும் இன்று கிடைக்கவில்லை. ஆகவே இனிச் செய்யும் பாடங்களை எவருக்கும் உரிமையான திறந்த வடிவங்களில், ஒருங்குறித் தமிழில், எழுத்துருவை உடன்வைத்துச் செய்வதென்று முடிவெடுத்துள்ளோம். ஒவ்வொரு பென் டிரைவிலும் செயலிக்கு அருகே, படங்களும் ஒலிகளும் பிரித்து வைத்த சாதாரண உறை ஒன்றும் இருக்கும். அம்மையாரின் குரல் அதில் தனித்தனி ஒலிக்கோப்புகளாக, எழுத்தின் பெயரிட்டு அடுக்கப்பட்டுள்ளது. எலெக்ட்ரானும் ஒருநாள் பிளாஷின் வழியே போகலாம்; அன்று வருவோர் அவ்வுறையிலிருந்து புதுப் பெட்டி செய்துகொள்ளட்டும்.

மாற்றல் ஆணை பெற்ற அன்பர்கள் புறப்படுமுன் சங்க நூலகத்தில் ஒரு பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம். கட்டணம் இல்லை, காலிப் பென் டிரைவ் ஒன்று கொணர்ந்தால் போதும். போகும் ஊரில் இன்னும் நான்கு தமிழ்க் குடும்பங்கள் இருப்பின், அவர்களுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள்.