பதிவேட்டில் இல்லாத பாதை

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. டிசைன் கோப்புகள் இருந்த சர்வரை ரேன்சம்வேர் பூட்டிப்போட்ட அன்று எம்.டி. என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, எப்படி உள்ள வந்தான், எதையெல்லாம் எடுத்துட்டுப் போனான்? அதை மட்டும் சொல்லுங்க." அந்த வரைபடங்கள் வாடிக்கையாளர்களுடையவை. அவர்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் பதில் இல்லை. தெரியவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

ஃபயர்வால் பதிவுகளைத் திறந்தேன். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள் பதிவுகள் பத்திரமாக இருந்தன. வந்தவனின் சுவடு அதில் ஒரு வரிகூட இல்லை. சர்வரின் சொந்தப் பதிவுகளை அவன் அழித்துவிட்டிருந்தான். மிஞ்சியது மெயில் வடிகட்டி காட்டிய ஒரு எச்சரிக்கை: கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு, இன்வாய்ஸ் என்ற பெயரில் வந்த சந்தேகமான கோப்பு. மறுநாள் கூட்டத்தில் அதைத்தான் காரணமாகச் சொன்னேன். உறுதியில்லை என்றும் சொன்னேன். அது யார் காதிலும் விழவில்லை.

"சார், நான் அந்த மெயிலைத் திறக்கவே இல்லைங்க" என்றார் அவர். எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அலுவலகக் கம்ப்யூட்டர்கள், சி.என்.சி. மெஷின்கள், கேமராக்கள், வருகைப்பதிவுக் கருவி எல்லாம் எங்களிடம் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தன. ஃபயர்வால் இருப்பது இணையத்துக்கும் நமக்கும் நடுவில். உள்ளே ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குப் போவது சுவிட்ச்சோடு முடிந்துவிடும். ஃபயர்வாலுக்கு அது தெரியவே தெரியாது. வாசலில் காவல் போட்டுவிட்டு, வீட்டுக்குள் யார் நடமாடுகிறார்கள் என்று பார்க்காமல் இருந்தேன். ஒரு காலத்தில் சர்வர் போர்ட்டின் போக்குவரத்தை நகலெடுத்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், போக்குவரத்தைக் கண்காணித்துப் பதிவுசெய்யும் ஜீக் மென்பொருளை ஓடவிட்டிருந்தேன். டிஸ்க் நிறைந்துகொண்டே இருந்தது, படிக்க நேரமும் இல்லை. புதுக் கேமராக்களுக்கு போர்ட் தேவைப்பட்டபோது அதைப் பிடுங்கினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் ஈக்விஃபாக்ஸ் கதையைப் படித்தவன் நான். 2017-ல் அந்த அமெரிக்க நிறுவனத்துக்குள் திருடர்கள் 76 நாட்கள் உலவினார்கள், சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. மறையாக்கம் செய்த போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கருவியில் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால், அது எதையும் பார்க்காமலே விட்டுக்கொண்டிருந்தது. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்த உடனே திருட்டுப் போக்குவரத்து கண்ணில் பட்டது. அதைப் படித்துவிட்டு எங்கள் சான்றிதழ்களின் தேதிகளைச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. நிம்மதியாகிவிட்டேன். நம் கண்ணில் படாமல் என்னென்ன போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

பேக்கப்பிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருந்த நாட்களில், மெஷின் ஷாப் சுவிட்ச்சிலிருந்து, ஒவ்வொரு கருவிக்கும் உரிய மேக் முகவரிகளின் பட்டியலை எடுத்து, நான் வரைந்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட உட்கார்ந்தேன். இது கேமரா. இது சூப்பர்வைசர் கம்ப்யூட்டர். இது பிரிண்டர். பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு முகவரி எதனோடும் சேரவில்லை. மறுபடி மேலிருந்து வந்தேன், அப்போதும் சேரவில்லை. முகவரியின் முதல் பாதி, தயாரித்தவர் யார் என்று சொல்லிவிடும். தேடினேன்: ரூட்டர் செய்கிற கம்பெனி. மெஷின் ஷாப்பில் நான் ரூட்டர் எதுவும் வைக்கவில்லை. சுவிட்ச்சில் அந்த போர்ட்டின் கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது ஒரு சி.என்.சி. மெஷினின் பின்பக்கப் பேனலுக்குள் போனது. திறந்தேன். உள்ளே ஒரு 4ஜி ரூட்டர், நிலையான ஐ.பி. முகவரி கொண்ட சிம்மோடு. மெஷின் சப்ளையர்கள் தூரத்திலிருந்து சர்வீஸ் பார்க்க வைத்துவிட்டுப் போனது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த பாஸ்வேர்டே அதில் இருந்தது. அதன் செட்டிங்கில், எங்கள் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு நேராக ஒரு வழி திறந்துவிடப்பட்டிருந்தது.

அந்தப் பெண் மெயிலைத் திறக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. கை நடுங்கியதால் பேனல் கதவை மூட முடியாமல் அங்கேயே நின்றேன்.

எம்.டி.யின் இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை பதில் கிடையாது. அந்த சிம் வழியே என்ன போனது என்பதற்கு எங்களிடம் கணக்கில்லை. வாடிக்கையாளர்களுக்கு அப்படியேதான் எழுதினோம்; ஒரு நிறுவனம் அதன்பின் வரைபடம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. இப்போது மெஷின் ஷாப்பைத் தனி நெட்வொர்க்காகப் பிரித்தாயிற்று. ஜீக் மறுபடி ஓடுகிறது, பெரிய டிஸ்க்கோடு. புதிதாகத் தலைகாட்டிய கருவிகளின் பட்டியலைக் காலையில் படித்த பிறகுதான் மற்ற வேலை.

நான் ரூட்டரைக் கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். போனில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "கூட்டத்துல இருந்தவங்ககிட்டயும் சொல்லிட்டீங்களா சார்?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். எழுத்திலும் வேண்டும் என்றார்; புது இடத்தில் விசாரித்தார்களாம். எம்.டி. கையெழுத்தோடு கடிதம் அனுப்பினோம். எந்த சுவிட்ச், எந்த போர்ட், அந்த ரூட்டரை யார் எப்போது வைத்தார்கள் என்பதோடு, ஆதாரம் இல்லாமல் அவர் பெயரைச் சொன்னவன் நான்தான் என்பதையும் அதில் எழுதினேன்.